இங்கு புதிய ‘ஆர்’ ஏற்றித் தரப்படும்

எங்கள் தொழிலில் கைவேலை கொஞ்சம்தான். திரையில் ஓடுகிற எழுத்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, “ஒண்ணும் ஆகாது, செத்த பொறுங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆராய்ச்சிப் புத்தகத்துக்கு பைண்டிங். நான் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மிஷினோடு சண்டை போடுவார். மகன் திருப்பூரில் குடும்பமாக இருக்கிறான். மகள் மீனா பெங்களூரில், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்கிற கம்பெனியில் இருக்கிறாள். கிருஷ்ணன்கோவில் பக்கம் படிக்கிற பிள்ளைகள் பைண்டிங்குக்கு வருகிறபோதெல்லாம், “ஆன்ட்டி, லினக்ஸ்ல புது ஆர் ஏத்தத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?” என்று கேட்பார்கள். அதை மீனாவிடம் சொல்லப்போக, “நான் சொல்றதை நீ டைப் அடிம்மா, அம்புட்டுதான்” என்று என்னை இதில் இறக்கிவிட்டாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘ஆர்’ என்பது புள்ளியியல் கணக்குப் போடுகிற மென்பொருள். பேரே அந்த ஒற்றை எழுத்துதான். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிறது. லினக்ஸும் இலவசம், ஆரும் இலவசம். இலவசம் என்று நம் ஜனம் அதைத் தேடிப் போகிறது. ஏற்றத் தெரியாமல் நம்மைத் தேடி வருகிறது. அந்தக் கணக்கெல்லாம் எனக்கு ஒன்றும் புரியாது. நான் சமைக்கிறவள் இல்லை, பரிமாறுகிறவள். என்னைப் போலப் பரிமாறிப் பரிமாறிக் கை ஓய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், “இங்கேயும் இதே பாடுதானா” என்று ஆறுதல் பட்டுக்கொள்ளுங்கள்.

வாய் திறக்காதவன்

முதல் முதலில் வந்தவர் ஒரு ஏட்டையா. மகள் காலேஜில் புள்ளியியல் படிக்கிறாள். அவளுக்குப் பரீட்சை என்று லேப்டாப்பை அவரே யூனிஃபார்மோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். லினக்ஸில் எதை ஏற்றினாலும் முதலில் பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கிறபோது நட்சத்திரமும் வராது, புள்ளியும் வராது. திரை பாட்டுக்குச் சும்மா நிற்கும். இது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஏட்டையாவுக்குத் தெரியாது. “நீங்களே அடிங்கய்யா” என்று மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒற்றை விரலால் அடித்தார். ஒன்றும் தெரியவில்லை. ஓங்கி அடித்தார். அப்போதும் தெரியவில்லை. “கீபோர்டு செத்துப்போச்சும்மா” என்று லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்.

“அய்யா, உள்ள போயிட்டுத்தான் இருக்கு. வெளிய காட்டாது” என்று சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் கடையில் நின்றவர்களைப் பார்த்து, “எல்லாரும் காதைப் பொத்திக்கிடுங்க!” என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நான் அடித்தேன். எழுத்து கடகடவென்று ஓட ஆரம்பித்ததும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்: “எம்புட்டுப் பெரிய களவாணியா இருந்தாலும் நான் கேட்டா ஒரு ‘ம்’மாவது கொட்டுவாம்மா. இவன் அம்புட்டையும் உள்ள வாங்கிக்கிட்டு மூஞ்சியைக்கூட அசைக்க மாட்டேங்கானே!”

கிடங்கில் இல்லாத சரக்கு

போன வருஷம் நவராத்திரிக்கு முந்தி முருகேஸ்வரி வந்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற ஓர் இடத்தில் சோதனைக்கூடத்தில் வேலை. துணி தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது என்று பார்க்கிறவள். வேலை பார்த்துக்கொண்டே அதையே ஆராய்ச்சியாகவும் செய்கிறாள். புருஷன் பட்டாளத்தில். வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும். புத்தகம் எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். கடைசி அத்தியாயத்துக் கணக்கை மட்டும் புது முறையில் போட்டு அட்டவணை கொண்டுவரச் சொல்லிவிட்டார் வழிகாட்டி சார். அந்த சார் ஓய்வு பெறப் போகிறவர். விஜயதசமி அன்று காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் சென்னைக்கு ரயில் ஏறி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு மகனிடம் போகிறார். அன்றைக்குக் கையெழுத்து வாங்காவிட்டால் வேறு வழிகாட்டி, வேறு விசாரிப்பு, எல்லாம் முதலிலிருந்து.

“என்கிட்ட ஆர் இருக்குக்கா. ஆனா அந்தப் புதுக் கணக்குக்கு உள்ள பாக்கேஜைப் போட்டா, உன் ஆர் பழசு, ஆகாதுங்குது” என்றாள். பாக்கேஜ் என்பது ஆரோடு சேர்க்கிற துணைச் சாமான். நான் எனக்குத் தெரிந்த வகையில் சொன்னேன்: “தாயி, லினக்ஸோட சேர்ந்து ஒரு கிடங்கு உண்டு. அதுல கேட்டா, அதுல உள்ள பழைய சரக்கைத்தான் குடுக்கும். புது ஆர் வேணும்னா ஆர் செய்யுறவங்க வச்சிருக்க கிடங்குக்கு வழி எழுதி வைக்கணும். அந்தக் கிடங்குக்காரங்க நல்லவங்கதான்னு தெரிய, அவங்க சாவியையும் வாங்கி வைக்கணும். உன் லினக்ஸே ரொம்பப் பழசு. அந்தக் கிடங்குல உன்னை வாசல்லயே விட மாட்டாங்க. அதனால முதல்ல லினக்ஸைப் புதுசாக்கணும், பொறவுதான் ஆர்.” முருகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்க மாமியா வீட்டுல ஒரு புதுக் குக்கர் வாங்க நான் பட்ட பாடு மாதிரியே இருக்கேக்கா.”

பூட்டு

லினக்ஸைப் புதுசாக்கவே ஒரு பகல் போயிற்று. மறுநாள் ஆர் ஏற்ற உட்கார்ந்தால், ‘பூட்டு கிடைக்கவில்லை, வேறொரு வேலை பிடித்து வைத்திருக்கிறது’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்து நின்றது. இதைப் பார்த்து நீங்களும் ஒரு தரமாவது நெஞ்சைப் பிடித்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, புதுசான லினக்ஸ் தானாகவே உள்ளே உட்கார்ந்து சில்லறைச் சாமான்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கும். அது முடிகிற வரை நாம் காத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குப் பார்த்து முருகேஸ்வரியின் வீட்டுக்காரர் வீடியோ காலில் இருந்தார். வடக்கே ஏதோ பனி பெய்கிற ஊர். கம்பளிக் குல்லாவும் காது மூடியுமாக, “என்ன தடங்கல்?” என்று கேட்டார். பூட்டு என்றதும், “உடைச்சிட்டு உள்ள போங்கக்கா! இதுக்கெல்லாம் யோசிக்கப்பிடாது!” என்று உத்தரவு போட்டார். இன்டர்நெட்டில் தேடினால் பூட்டை உடைக்கவும் வழி சொல்லியிருக்கிறார்கள். உடைத்தவர்கள் லேப்டாப் எல்லாம் பிறகு எந்தக் கோலத்தில் எங்கள் கடைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டாளத்துக்காரரிடம் பொறுமையைப் பற்றி நான் என்ன பேச?

பக்கத்துக் கடை நெய்னா பாய், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறவர். எங்கள் நெட் படுத்துவிட்டால் அவர் நெட்டைத்தான் கடன் வாங்குவோம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போனுக்கு நேராகக் குனிந்தார். அவர் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் இதைவிடத் தெளிவாக இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை: “மாப்ளே, கக்கூஸுக்குள்ள ஆள் இருந்தா கதவை உடைக்கவா செய்வோம்? வெளிய நின்னு ரெண்டு இருமல் இருமிட்டு நிக்கணும்.”

பேர் சொல்லிக் கேள்

ஆர் ஒருவழியாக ஏறியது. புதுப் பதிப்பு என்று திரையில் பார்த்ததும் முருகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி அந்தப் புதுக் கணக்குக்கு உள்ள பாக்கேஜை ஏற்ற வேண்டும். லினக்ஸில் பாக்கேஜ் பெரும்பாலும் சமைத்து வராது. அரிசி பருப்பாகத்தான் வரும், நம் அடுப்பில்தான் வேக வேண்டும். அது வேகிறபோது திரை முழுக்க எழுத்து பொங்கிப் பொங்கி ஓடும். கடைசியில் ‘ஏறவில்லை’ என்று முடிந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே. நான் கண்ணை மூடிக்கொண்டு, “தாயே, இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு” என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் மீனா காத்திருக்கிறாள் என்பதே மறந்துபோனது.

“என்னம்மா சத்தத்தைக் காணோம்?” என்றாள். “சாமி கும்பிடுறேன்” என்றேன். “கும்பிடு, வேண்டாங்கலை. கண்ணைத் திறந்து மேல தள்ளிப் பாரு. முதல்ல எந்த இடத்துல நின்னுச்சு?” தள்ளித் தள்ளிப் பார்த்தால், வெகு மேலே ஒரு ஓரத்தில், லினக்ஸில் இருக்க வேண்டிய சில லைப்ரரிகள், சமைக்கப் பாத்திரம் மாதிரியானவை, இல்லை என்று அடக்கமாக எழுதியிருந்தது. அதைக் கண்டுபிடித்து வாசிக்கிறேன், கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம். முருகேஸ்வரி லேப்டாப்பில் சார்ஜும் இல்லை. மறுநாள் ஆயுத பூஜை, அதற்கு மறுநாள் விஜயதசமி. “நாளைக்கு எங்க கடைப் பூஜையை முடிச்சிட்டு நானே உன் வீட்டுக்கு வாரேன் தாயி” என்று அவளை அனுப்பினேன். போனை வைக்கப் போகிறபோது மீனா சொன்னாள்: “அம்மா, இனிமே சாமிகிட்ட கேட்டா, எந்த லைப்ரரி வேணும்னு பேர் சொல்லிக் கேளு. அவங்களுக்கும் சுலபமா இருக்கும்ல?”

ஆயுதங்களுக்கு நடுவே

மறுநாள் காலையிலேயே எங்கள் கடை மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, சூடம் காட்டிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டோம். பூஜையில் வைத்ததை, விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுக்கிற வரை தொடக்கூடாது. எங்கள் வழக்கமும் அதுதான், முருகேஸ்வரி வீட்டு வழக்கமும் அதுதான். மத்தியானத்துக்கு மேல் டவுன் பஸ் பிடித்து ராஜபாளையம் போய்ச் சேர்ந்தேன். அவள் மாமியார் சீனியம்மாள், ஈரத் தலையை முடிந்துகொண்டு பூஜை அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். “வாங்க மதினி. அந்தப் பொட்டியைச் சீக்கிரமா சரி பண்ணிக் குடுங்க. நல்ல நேரம் போகுது” என்றார்.

மீனா போனில் ஒரு நீளமான வரி சொன்னாள். இல்லாத லைப்ரரிகளைக் கொண்டுவா. அது முடிந்ததும் பாக்கேஜை ஏற்று. அது முடிந்ததும் முருகேஸ்வரியின் கணக்கை ஓட்டி அட்டவணையை எழுதி வை. எல்லாம் ஒரே வரியில், ஒன்றன் பின் ஒன்றாக. அடித்து என்டர் தட்டினேன். பாஸ்வேர்டையும் கொடுத்தாயிற்று. முருகேஸ்வரியின் போனிலிருந்துதான் நெட். அது ஜன்னல் கம்பியில் சாய்ந்து நின்று சிக்னலுக்குத் தவம் இருந்தது. கிடங்குக் கணக்கையே அது அரைத்து அரைத்து வாசித்துக்கொண்டிருக்கிறது, அதற்குள் மாமியார் வந்து லேப்டாப்பைத் தூக்கிவிட்டார்.

“ஐயோ அத்தை, ஓடிக்கிட்டிருக்கு!”

“ஓடட்டும்ட்டி. நானா நிறுத்தச் சொன்னேன்? திறந்தபடியே வைக்கேன். உன் சார்ஜர் வயரையும் அங்கன இழுத்து மாட்டு. சூடம் காட்டின பொறவு மட்டும் நாளைக் காலையில வரைக்கும் ஒருத்தியும் கை வைக்கப்பிடாது.”

“இதை மட்டும் இந்த வருஷம் விட்டுருங்களேன் அத்தை.”

“எதை விட? என் மருமவ இம்புட்டு வருஷம் படிச்ச படிப்பு அம்புட்டும் இந்தப் பொட்டிக்குள்ள கிடக்கு. இதை விட்டுட்டு அருவாமனையை மட்டும் வச்சுக் கும்பிடவா?”

முருகேஸ்வரி சார்ஜர் வயரை இழுத்து மாட்டினாள். அருவாமனை, கத்தரிக்கோல், மகனின் பழைய சைக்கிள் பம்ப், பேரப் பிள்ளைகளின் புத்தகங்கள், முருகேஸ்வரி துணி நனைகிற நேரத்தைப் பார்க்கும் ஸ்டாப் வாட்ச், இவற்றுக்கு நடுவில் லேப்டாப் போய் உட்கார்ந்தது. எனக்கு உள்ளூர நிம்மதிதான். ஒரே வரியில் எல்லாம் கொடுத்தாயிற்று, யாரும் தொட வேண்டியதில்லை. அது பாட்டுக்கு ஓடும், பூஜை பாட்டுக்கு நடக்கும் என்று நினைத்தேன்.

அப்போது போனில் மீனா, “ஐயையோ அம்மா” என்றாள். “கேள்வி கேக்காம போகச் சொல்லி ஒண்ணு சேர்த்திருக்கணும். சொல்ல மறந்துட்டேன்.”

திரும்பிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் நின்றுபோய், கடைசி வரியில் ஒரு கேள்வி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு இடம் பிடிக்கும், மேற்கொண்டு போகலாமா? ஆமென்றால் ‘ஒய்’ தட்டி என்டர் தட்டு. சொல்லாவிட்டால் அது விடிய விடிய அப்படியே நிற்கும். காலையில் தட்டினால் எல்லாம் வெந்து முடிவதற்குள் சார் ரயில் ஏறிவிடுவார். முருகேஸ்வரி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தட்டில் சூடத்தை வைத்துவிட்டு மாமியார் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். சந்தனம் குழைத்துத் தயாராக இருந்தது. ‘தாயே சரஸ்வதி, உன் பூஜையும் கெடக்கூடாது, இவ படிப்பும் கெடக்கூடாது. ரெண்டும் உன் இலாகாதான், நீயே தீர்த்துவை’ என்று நின்றேன்.

“ஏன் ரெண்டு பேரும் இழவு வீடு கணக்கா நிக்கிய?” என்றார் மாமியார். பிறகு திரையைப் பார்த்தார். “அது ஏன் நின்னு போச்சு?”

“மேற்கொண்டு போகலாமான்னு கேக்குது மதினி” என்றேன்.

“யாருகிட்ட கேக்குது?”

“வீட்டு ஆளுககிட்டத்தான்.”

“கேட்டா பதில் சொல்லணும்ல? கேட்டவனை நிக்க வைக்கலாமா?” என்றவர், சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். “எப்படியும் நான் இதுக்குப் பொட்டு வைக்கணும். எங்கன வைக்கணும்னு மட்டும் காட்டுங்க.”

தொடாமல் விரலை நீட்டி ‘ஒய்’யைக் காட்டினேன். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு அழுத்தி வைத்தார். திரையில் ஒரு ‘ஒய்’ விழுந்தது. மேலே குங்குமம் வைத்தார். இன்னொரு ‘ஒய்’ விழுந்தது. இரண்டு விழுந்தால் ஒத்துக்கொள்ளுமா என்று மீனாவைக் கேட்க நேரமில்லை. “இன்னும் ஒண்ணு இருக்கு மதினி, அந்தப் பெரிய கட்டை” என்றேன். என்டருக்கும் சந்தனம் வைத்தார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி எழுத்து ஓடியது. முருகேஸ்வரி அழுதுகொண்டே மணியை ஆட்டினாள். சூடம் எரிந்தது. ஓடுகிற எழுத்துக்கு மூன்று சுற்று ஆரத்தி காட்டிவிட்டு, என் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே மாமியார் சொன்னார்: “மரியாதையான பொட்டிதான் மதினி. பெரியவ கிட்ட கேக்காம ஒரு அடி எடுத்து வைக்கலை பாருங்க.”

கையெழுத்து

விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு, மாமியார் முதலில் எடுத்துக் கொடுத்தது லேப்டாப்பைத்தானாம். அட்டவணை எல்லாம் எழுதி முடித்து, அது அமைதியாக அடுத்த வேலைக்குக் காத்திருந்ததாம். ராஜபாளையத்திலேயே பிரின்ட் எடுத்துக்கொண்டு முருகேஸ்வரி சார் வீட்டுக்கு ஓடினாள். நான் வீட்டில் விளக்கேற்றிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் காபி கேட்டார். அதுகூடக் காதில் விழவில்லை.

சார் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டு, நின்றுகொண்டே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாராம். பிறகு உட்கார்ந்தாராம். அப்புறம் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாராம். இதைச் சொல்லும்போது முருகேஸ்வரி போனில் மூக்கை உறிஞ்சினாள். நானும் உறிஞ்சினேன். கிளம்புகிறபோது, “நேத்து முழுக்க பூஜையாச்சே, இதை எப்பம்மா ஓட்டினே?” என்று சார் கேட்டிருக்கிறார். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். சார் சிரிக்கவில்லையாம். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாராம்: “என் லேப்டாப்லயும் ரொம்ப நாளா ஒண்ணு ஏற மாட்டேங்குதும்மா. உங்க மாமியார் கை என்னைக்கு ஒழியும்னு கேட்டுச் சொல்லு.”

எந்தப் பதிப்பை ஏற்றினாலும், வழி எழுதி சாவி வாங்கிக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை, ‘சரி, போ’ என்று சொல்ல வேண்டிய பெரியவர் எங்கேயோ ஒரு பூஜை அறையில் ஈரத் தலையை முடிந்துகொண்டு சாவகாசமாகச் சந்தனம் குழைத்துக்கொண்டிருக்கிறார்.